முட்டைக்கோஸ் புழுவுக்கு ஏன் காரம் ஏறுவதில்லை?

கடுகை அப்படியே வாயில் போட்டு விழுங்கினால் ஒன்றும் தெரியாது. தண்ணீர் தெளித்து அம்மியில் நசுக்கினால் மூக்கில் ஏறும். காரம் கடுகுக்குள் தயாராக இருப்பதில்லை. அதற்கான மூலப்பொருள் ஓரிடத்திலும், அதை உடைக்கும் மைரோசினேஸ் என்ற நொதி வேறிடத்திலும் இருக்கின்றன. நசுங்கி, ஈரம் பட்டு, இரண்டும் கலந்தால்தான் காரம் பிறக்கும். தாளித்த கடுகு அவ்வளவாக உறைக்காததும் இதனால்தான்: சூட்டில் நொதி செத்துவிடுகிறது.

முட்டைக்கோஸும் முள்ளங்கியும் கடுகுக்குச் சொந்தம். அவற்றின் இலையிலும் இதே ஏற்பாடு. பூச்சி கடித்ததும் அங்கே அம்மி ஓடத் தொடங்குகிறது. பல பூச்சிகளுக்கு அந்தக் காரம் நஞ்சு.

ஐரோப்பாவின் கொல்லைகளில் பறக்கும் சிறிய முட்டைக்கோஸ் வெள்ளை என்ற பட்டாம்பூச்சியின் புழுவோ இதைத் தின்றே வளர்கிறது. அம்மி ஓடுவதை அது நிறுத்துவதில்லை. மூலப்பொருள் உடையும் அந்தக் கணத்தில் அதன் குடலிலுள்ள ஒரு புரதம் குறுக்கே வந்து, காரம் உருவாகவிடாமல் நைட்ரைல் என்ற வேறு பொருளாகத் திருப்பிவிடுகிறது. நைட்ரைலின் வீரியம் குறைவு. அது எச்சத்தோடு வெளியேறிவிடும். ஜெர்மனியின் ஜேனா நகர ஆய்வாளர்கள் 2004இல் இதை வெளிப்படுத்தினார்கள். இவ்வளவு சின்ன உடம்புக்குள் இவ்வளவு நுட்பமா என்று எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை.

இதில் இன்னும் அழகானது, விரட்டவேண்டிய பொருளே அழைப்பாகிவிட்டது. தாய்ப்பூச்சி இலையில் இறங்கி முன்கால்களால் படபடவென்று தட்டி, அந்த மூலப்பொருளின் சுவை தெரிந்தபிறகே முட்டையிடுகிறது. மஞ்சள் நிறத்தில், வரிவரியாய், குத்தாக நிற்கும் ஒற்றை முட்டை. புழுவுக்கும் அதே ருசிதான். 1910இல் வெர்ஷாஃபெல்ட் என்ற தாவரவியலாளர் வேறு செடி இலைகளில் கடுகிலுள்ள அந்த மூலப்பொருளான சினிக்ரினைத் தடவிக் கொடுத்தார். வழக்கமாக ஒதுக்கும் அந்த இலைகளையும் புழுக்கள் தின்றன.

கோஸ் பயிராகும் பல இடங்கள் இந்தப் பட்டாம்பூச்சிக்கும் வீடாகிவிட்டன: 1860 வாக்கில் கியூபெக்கையும் 1930இல் நியூசிலாந்தையும் எட்டியது.

செடியும் சும்மா இருப்பதில்லை. கடிபட்ட இலையிலிருந்து எழும் வாசனை கொட்டீசியா என்ற குட்டிக் குளவியை வரவழைக்கிறது. புழுவின் உடலுக்குள் அது முட்டையிடும். குஞ்சுகள் உள்ளேயே தின்று வளர்ந்து, வெளியே வந்து மஞ்சள் கூடுகள் கட்டும். புழுவின் முட்டைகள் என்று நினைத்து இவற்றை நசுக்கிவிடுபவர்கள் உண்டு. தயவுசெய்து விட்டுவிடுங்கள், அடுத்த தலைமுறைப் புழுக்களைத் தேடிப்போகும் குளவிகள் அவற்றுக்குள்தான் இருக்கின்றன.