மெஷினுக்கே ஓய்வு உண்டு, நமக்கு?



அதிக மதிப்பெண் எடுப்பது எப்படி என்று பலர் எழுதுகிறார்கள். நான் எழுதப்போவது அதற்கு முந்தின பாடம். படிக்க உட்கார்ந்தால் மண்டையில் ஒன்றுமே ஏறவில்லை என்றால் என்ன செய்வது?

முதலில் என் கதை. காலாண்டுத் தேர்வில் கணக்கில் எனக்கு 60க்கு 19. படிக்காமல் வாங்கிய மார்க் இல்லை. பத்துத் தடவை போட்டுப் பார்த்த அதே கணக்குதான் வந்தது. ஆனால் பேனா நகரவில்லை. மறுநாள் வயிற்றுவலி என்று பொய் சொல்லி லீவு போட்டேன். அதற்கடுத்த நாள் நிஜமாகவே வயிறு வலித்தது!

என் நைனா சிப்காட்டில் ஒரு சின்ன ஒர்க் ஷாப்பில் லேத் ஓட்டுகிறார். அவர் தெலுங்கில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "மெஷினுக்குக்கூட ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் ஆள் மாறுதும்மா. டூல் முனை மழுங்கிட்டா மாத்தணும். மாத்தாம ஓட்டினா ராத்திரி பூரா ஓட்டினாலும் எல்லாம் ரிஜெக்ட்தான். நீ எத்தனை மணி நேரம் ஓடுற?"

கூட்டிப் பார்த்தேன். காலை டியூஷன் ஒன்றரை மணி, பள்ளி ஏழு மணி, மாலை டியூஷன் இரண்டரை மணி, வீட்டுப்பாடம் இரண்டு மணி. ஆக மொத்தம் 13 மணி நேரம். தூக்கம் ஐந்தரை மணிதான். நைனா ஒன்றரை ஷிஃப்ட் போட்டால் ஓ.டி. காசு வரும். எனக்கு வந்தது 19!

இவ்வளவு ஓட்டம் எதற்கு? என்.எம்.எம்.எஸ். தேர்வுக்காக. எட்டாம் வகுப்பில் அதில் தேர்வானால் 9 முதல் 12ஆம் வகுப்பு வரை மாதம் 1000 ரூபாய் உதவித்தொகை. நான்கு வருடத்துக்கு 48,000 ரூபாய். எங்கள் வீட்டில் அது பெரிய தொகை. அதனால் "முடியலை" என்று சொல்லவே எனக்குப் பயமாக இருந்தது.

இதற்கு ஒரு பெயர் உண்டு

வெறும் சோம்பல் வேறு, இது வேறு. 1974இல் நியூயார்க்கில் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர், ஓயாமல் உழைத்தவர்கள் உள்ளுக்குள் எரிந்து தீர்ந்துபோவதைக் கண்டு அதற்கு 'பர்ன் அவுட்' என்று பெயர் வைத்தார். 2019இல் உலக சுகாதார நிறுவனம் அதை வேலை சம்பந்தப்பட்ட பிரச்சினையாகத் தன் பட்டியலில் சேர்த்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கும் இதே மாதிரி வருகிறது என்று பின்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். அடையாளங்கள் மூன்று:

1. தூங்கி எழுந்தாலும் போகாத அசதி.
2. "படிச்சு என்ன ஆகப்போகுது?" என்ற வெறுப்பு.
3. "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்ற நினைப்பு.

எனக்கு மூன்றும் இருந்தது. உங்களுக்கு?

எது உண்மையான சுமை?

மால்குடி கதைகள் எழுதிய ஆர்.கே. நாராயண் மாநிலங்களவையில் பேசிய முதல் பேச்சே நம் புத்தகப் பையைப் பற்றித்தான். அதற்குப் பிறகு பேராசிரியர் யஷ்பால் தலைமையில் ஒரு குழு அமைந்து, 1993இல் அறிக்கை கொடுத்தது. பையின் கனத்தைவிடப் பெரிய சுமை எது தெரியுமா? புரியாமல் படிப்பதுதான் என்றது அந்தக் குழு.

நம் ஓசூரில் இது இன்னும் அதிகம். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், வகுப்பில் தமிழ், புத்தகத்தில் இங்கிலீஷ். புரியாத இடத்தை அப்படியே மனப்பாடம் செய்துவிட்டுப் போகிறோம். புரியாததைப் பத்துத் தடவை எழுதினால் கைதான் வலிக்கும்.

மீண்டு வருவது எப்படி?

1955இல் ஹவாயில் உள்ள கவாய் தீவில் பிறந்த 698 குழந்தைகளை எமி வெர்னர் என்ற அம்மையாரும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகள் கவனித்தார்கள். வறுமை, வீட்டுச் சண்டை என்று பல கஷ்டங்களுடன் வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாக முன்னுக்கு வந்தார்கள். அவர்களுக்கு உதவியவற்றில் முக்கியமானது, அக்கறையோடு பார்த்துக்கொண்ட ஒரு பெரியவராவது இருந்தது. பாட்டியோ, ஆசிரியரோ, பக்கத்து வீட்டு அத்தையோ யாராவது ஒருவர்.

ஆக, மனஉறுதி என்பது பல்லைக் கடித்துக்கொண்டு தனியாகத் தாங்குவது இல்லை. எனக்கு அந்த ஒருவர் எங்கள் வகுப்பு மிஸ். மார்க்கைப் பற்றி அவர் கேட்கவில்லை. "ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறே?" என்று கேட்டார். அழுதுவிட்டேன். பிறகு அவரே வீட்டில் பேசினார்.

நான் செய்தது இவ்வளவுதான்:

1. காலை டியூஷனை நிறுத்தினேன். இரவு ஒன்பதரைக்குப் படுக்கை. 13 வயதுக்கு மேல் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். பகலில் படித்தது மனதில் பதிவது தூக்கத்தில்தான்.
2. புரியாததை நோட்டின் ஓரத்தில் கேள்விக்குறி போட்டு, மறுநாளே கேட்கிறேன்.
3. தினமும் அரை மணி நேரம் ஸ்கிப்பிங். மழை வந்தால் தாயம்.
4. ஞாயிறு மதியம் புத்தகம் தொடுவதில்லை. நைனா பாஷையில் அது 'மெயின்டனன்ஸ்'.

அரையாண்டில் கணக்கில் 60க்கு 33. முதல் ரேங்க் இல்லை. ஆனால் பேனா நகர்ந்தது! என்.எம்.எம்.எஸ். இனிமேல்தான். கிடைத்தால் சந்தோஷம். கிடைக்காவிட்டாலும் நான் ரிஜெக்ட் ஆன பீஸ் இல்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். மார்க் குறைந்தவரிடம் முதலில் "சாப்பிட்டியா? தூங்கினியா?" என்று கேளுங்கள். நண்பர்களே, சொல்ல ஆளே இல்லை என்று தோன்றினால் 1098 அல்லது 14416க்குப் பேசுங்கள், காசு கிடையாது.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். இந்தச் சுவர் இதழுக்கும் அது பொருந்தும், நமக்கும் பொருந்தும்!

– எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி