சொல்லின் பொருள் தேடி
(பத்தாம் வகுப்பு மாணவி)

எங்கள் கீரமங்கலத்திற்கு அப்பெயர் நக்கீரரால் வந்தது என்று பெரியோர் கூறுவர். கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்னும் கேள்விக்காக இறைவனோடு வாதிட்ட புலவர் அவர் என்பது புராணக் கதை. அத்தகைய ஊரில் வாழும் நான், ஒரு சொல்லின் பொருளில் பிழை செய்து அகப்பட்டுக்கொண்ட கதையைக் கேளுங்கள்.

புதிய ஏற்பாடு கிரேக்க மொழியில் எழுதப்பட்டது என்பதை நாம் அறிவோம். 'கிறிஸ்து' என்பதே கிரேக்கச் சொல்தான். 'அருள்பொழிவு பெற்றவர்' என்பது அதன் பொருள். 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்திலிருந்து தமிழாக்கும் பணியை 1708-ல் தொடங்கி 1711-ல் முடித்தார். 1715-ல் அது முழுமையாக அச்சேறியது. மொழிபெயர்ப்போர்க்குச் சொல் தேர்வது எளிதன்று. 'லோகோஸ்' என்னும் ஒரே சொல்லைச் சீர்திருத்தச் சபையாரின் பழைய மொழிபெயர்ப்பு 'வார்த்தை' என்கிறது. கத்தோலிக்கரும் பிற சபையாரும் இணைந்து 1995-ல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பு 'வாக்கு' என்கிறது.

இனி என் கதைக்கு வருகிறேன். சென்ற ஆண்டு மறைக்கல்விப் பேச்சுப் போட்டியில் யோவான் நற்செய்தியின் 21-ஆம் அதிகாரத்தைப் பற்றிப் பேசினேன். உயிர்த்த இயேசு பேதுருவிடம் தம்மீது அன்பு உண்டா என்று மும்முறை கேட்கிறார். கிரேக்கத்தில் முதல் இரு கேள்விகளில் 'அகாப்பே'யின் வினைச்சொல்லும், மூன்றாவதில் 'பிலியோ' என்ற சொல்லும் உள்ளன. பேதுரு மூன்று முறையும் 'பிலியோ' என்றே விடை சொல்கிறார். "அகாப்பே தெய்வீக அன்பு! பிலியோ வெறும் நட்பு!" என்று நான் முழங்கினேன். முதற் பரிசும் கிடைத்தது.

மறுநாள் சிஸ்டர் என்னை அழைத்து, "நன்றாகப் பேசினாயம்மா. தேமாவைத் தெரியுமா?" என்றார். திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் 4-ஆம் அதிகாரத்தைத் திறந்து காட்டினார். உலக ஆசையால் பவுலைக் கைவிட்டுப் போனவர் தேமா. அந்த ஆசைக்குக் கிரேக்க மூலத்தில் உள்ளதும் 'அகாப்பே'யின் வினைச்சொல்லே! மேலும், தந்தை மகன்மீது கொண்ட அன்பை யோவான் 3-ஆம் அதிகாரத்தில் ஒரு சொல்லாலும், 5-ஆம் அதிகாரத்தில் மற்றதாலும் குறிக்கிறார். தந்தையின் அன்பை வெறும் நட்பு என்போமா? நான் வாயடைத்து நின்றேன்.

"சொல்லுக்குப் பொருள் தருவது அகராதி மட்டுமல்ல, அது வழங்கும் இடமும்தான்" என்றார் சிஸ்டர். தமிழிலும் அப்படித்தானே? 'நாற்றம்' என்றால் பழைய இலக்கியத்தில் நறுமணம். இன்று எங்கள் ஊர்ப் பூக்கடையில் மல்லிகை நாறுகிறது என்று சொன்னால் பூக்காரம்மா சும்மா விடுவாரா?

அப்படியானால் கிரேக்கச் சொல்லை ஆராய்வது வீணா? இல்லை. சிஸ்டர் இன்னொரு சொல்லையும் காட்டினார். 'அந்த்ராக்கியா' என்றால் கரி நெருப்பு. புதிய ஏற்பாடு முழுவதிலும் இச்சொல் இரண்டே இடங்களில் வருகிறது. யோவான் 18-ல் பேதுரு குளிர்காய்ந்தபடி இயேசுவை மறுதலித்தது அத்தகைய நெருப்பருகே. 21-ல் கடற்கரையில் இயேசு மூட்டி வைத்திருந்ததும் அதே கரி நெருப்பு! மும்முறை மறுத்தவருக்கு மும்முறை அன்பைச் சொல்ல வாய்ப்பு. அந்த அனலைக் கண்டதும் பேதுருவின் நெஞ்சம் எப்படிச் சுட்டிருக்கும்! ஆனால் இயேசு அவரைக் கடிந்துகொள்ளவில்லை. உணவு தந்தார், பொறுப்பும் தந்தார்.

அடுத்த மறைக்கல்வி வகுப்பில் என் பிழையைத் தோழியர் முன் நானே எடுத்துச் சொன்னேன். முதலில் நா எழவில்லை. சொல்லி முடித்ததும் மனம் இலேசாயிற்று. பேதுருவை அன்றுதான் சற்றுப் புரிந்துகொண்டேன்.

தோழியரே! புதுச் சொல் ஒன்று கிடைத்தவுடன் மேடையேற வேண்டாம். அது வரும் இடங்களையெல்லாம் பொறுமையாகப் படித்துப் பார்ப்போம். இறைவாக்கு தன் பொருளைத் தானே நமக்குக் காட்டும்.