உங்களுக்குத் தெரியுமா? – ஓலமும் உறுமலும் எழுப்பும் மரப்புலி
காவிரித் தீவில் அமைந்த ஸ்ரீரங்கப்பட்டணத்தை ஆங்கிலேயர் 1799-இல் கைப்பற்றியபோது, திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து எடுத்துச்சென்ற பொருள்களுள், வீழ்ந்து கிடக்கும் ஐரோப்பியனைப் புலி கவ்வும் தோற்றத்தில் மரத்தால் செய்து வண்ணந்தீட்டிய இயங்கு பொம்மையும் ஒன்றாகும். ஏறத்தாழ 178 செ.மீ. நீளமுள்ள இப்பொம்மையில் உள்ள கைப்பிடியைச் சுழற்றினால், உள்ளிருக்கும் துருத்தி, அதாவது காற்றை அழுத்தித் தள்ளும் பை, மனிதனின் தொண்டைக் குழலுக்குள் காற்றைச் செலுத்தி ஓலம் எழுப்புகிறது. அவ்வேளையில் ஏறி இறங்கும் அவனுடைய இடக்கை அந்த ஓலத்தின் சுருதியையே மாற்றுவதுதான் இக்கைவினையின் உச்சம் எனலாம். புலியின் தலையிலுள்ள வேறொரு குழல் உறுமலைத் தர, விலாப்புற மூடியைத் திறந்தால் 18 தந்தப் பொத்தான்களால் இசைக்கப்படும் ஆர்கன் என்னும் காற்றிசைக் கருவியும் வெளிப்படுகிறது. இப்பொம்மை லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது.