குல்மொகரா? புன்னையா?



"டீச்சர், வீட்டில் ஒரு பூ மரம் வைக்கணும். எந்த மரம் நல்லது?"

பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்ட கையோடு, "குல்மொகர் வைக்கலாமா டீச்சர்?" என்று அவர்களே பதிலையும் சொல்லிவிடுவார்கள்!

நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் ஆசைப்பட்டேன். காரைக்காலில் எங்கள் வீட்டில் இரண்டு பூ மரங்கள் இருந்தன. வாசல் பக்கம் குல்மொகர், கொல்லைப் பக்கம் புன்னை. இப்போது ஒன்றுதான் இருக்கிறது. அந்தக் கதையைக் கேட்டுவிட்டு, எந்த மரம் வைக்கலாம் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

சிவப்புக் குடை

மே மாதத்தில் இலை தெரியாமல் சிவப்பாகப் பூத்து நிற்குமே, அதுதான் குல்மொகர். 'மே ஃபிளவர்' என்றும் சொல்வார்கள். பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஐந்து இதழ்களில் நான்கு ஒரே மாதிரி சிவப்பாக இருக்கும். ஐந்தாவது இதழ் மட்டும் வெள்ளையும் மஞ்சளுமாய், சிவப்புப் புள்ளி வைத்து நிமிர்ந்து நிற்கும். அதன் மகரந்தக் காம்புகளைக் கோத்து இழுத்துச் 'சேவல் சண்டை' விளையாடியிருப்பீர்களே!

இந்த மரத்தின் சொந்த ஊர் நம் நாடு அல்ல. ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் உள்ள மடகாஸ்கர் தீவு. 1829-இல்தான் இதற்கு அறிவியல் பெயர் சூட்டப்பட்டது. அதன் பிறகு வெப்ப நாடுகள் எங்கும் அழகுக்காக இதை நட்டார்கள். பிரெஞ்சு மொழியில் இதற்கு 'ஃபிளம்புவாயான்' என்று பெயர். கொழுந்து விட்டு எரிவது என்று பொருள். 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் அல்லவா காரைக்கால்? உங்கள் வீட்டில் பிரெஞ்சு படித்த தாத்தா இருந்தால் கேட்டுப் பாருங்கள், அந்தப் பெயரை அழகாகச் சொல்வார்.

2005-இல் நான் ஒரு குல்மொகர் கன்றை வாங்கி வந்து நட்டேன். கிடுகிடுவென வளர்ந்தது. ஐந்தாவது வருடமே பூத்தது. தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு ஒரே பெருமை!

கோலியாக வந்த விதை

அதே வருடம் என் வகுப்பு மாணவி ஒருத்தி உருண்டையான ஒரு கொட்டையைக் கொண்டுவந்து காட்டினாள். "டீச்சர், கடற்கரையில் கிடைத்தது. கோலி விளையாட நல்லா இருக்கு" என்றாள்.

அது புன்னங்கொட்டை. புன்னைக் காய் கடல் நீரில் மிதக்கும். அலையோடு போய் வேறு கரையில் ஒதுங்கி முளைக்கும். "இதற்குள் ஒரு மரம் தூங்குகிறது" என்று சொல்லி, அந்தக் கொட்டையை எங்கள் கொல்லையில் புதைத்தோம்.

புன்னை நம் கடற்கரையின் சொந்த மரம். சங்க இலக்கியமான நற்றிணையின் 172-ஆம் பாட்டில்கூட ஒரு புன்னை வருகிறது. தோழிகளோடு விளையாடிய பெண் மணலில் அழுத்திய விதை முளைத்துவிடுகிறது. அதைப் பாலும் நெய்யும் ஊற்றி வளர்க்கிறார்கள். அந்த மரம் உனக்கு உடன்பிறந்தவள் என்று அவளுடைய தாய் சொல்கிறாள்!

புன்னையின் பூ சிறியது. வெள்ளை இதழ், நடுவில் பொன்னிறக் கேசரங்கள், நல்ல மணம். இலை தடிப்பாகப் பளபளவென்று இருக்கும். ஆண்டு முழுவதும் பச்சையாகவே நிற்கும். ஆனால் வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும். குல்மொகர் மாடியைத் தொட்டபோது என் புன்னை என் தோள் உயரம்கூட இல்லை. அதைப் பார்க்க யாரும் நிற்கவும் இல்லை.

கஜா வந்த இரவு

2018 நவம்பர் 16. கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. காரைக்காலிலும் பேய்க்காற்று. நள்ளிரவுக்குப் பிறகு வாசலில் 'மடமட'வென்று ஒரு சத்தம். கதவைத் திறக்கப் பயம். விடிந்ததும் பார்த்தால், குல்மொகர் வேரோடு சாய்ந்து, மதிலை உடைத்து, பக்கத்து வீட்டுப் பாட்டியின் ஓட்டு அடுப்படி மேல் கிடந்தது.

பாட்டி தினமும் அந்த அடுப்படியில்தான் பாயை விரித்துப் படுப்பார். புயல் என்று கேள்விப்பட்டு அன்று மகள் வீட்டுக்குப் போயிருந்ததால் உயிர் பிழைத்தார். எனக்குக் கை கால் எல்லாம் நடுங்கிவிட்டது.

புன்னைக்கு இரண்டு கிளைகள் முறிந்தன. மரம் அப்படியே நின்றது.

தப்பு யாருடையது?

மரத்தின் மேல் தப்பு இல்லை, பிள்ளைகளே. என் மேல்தான். குல்மொகரின் வேர் ஆழமாகப் போகாது, மேலாகவே அகலப் படரும். கிளைகளோ குடை போல விரியும். பலத்த காற்றில் குடையை விரித்துப் பிடித்துப் பாருங்கள், என்ன ஆகும்? போதாததற்கு நான் அதை மதிலுக்கு நான்கு அடி தள்ளி நட்டிருந்தேன். ஒரு பக்கம் வேர் ஓட வழியே இல்லை. மரமும் கட்டை லேசானது, கிளைகள் எளிதில் முறியும்.

புன்னை அப்படி இல்லை. கட்டை உறுதியானது. படகு செய்யவே பயன்பட்ட மரம் அது. உப்புக் காற்றையும் மணலையும் தாங்கும். கடலோரத்துக்கு ஏற்ற மரம்.

அதற்காகக் குல்மொகரை வெறுக்க வேண்டாம். பெரிய மைதானம், அகலமான பூங்கா, கட்டடமும் மின்கம்பியும் இல்லாத திறந்த வெளி, இங்கெல்லாம் தாராளமாக நடலாம். வெயில் காலத்தில் அதைப் போல அழகு வேறு ஏது?

நடுவது எப்படி?

* இடம்: குல்மொகரை வீடு, மதில், கழிவுநீர்த் தொட்டி இவற்றிலிருந்து குறைந்தது 30 அடி தள்ளி நடுங்கள். புன்னைக்கும் 15 முதல் 20 அடி இடம் விடுங்கள்.

* விதை: குல்மொகர் விதையின் தோல் மிகக் கடினம். பெரியவர்கள் உதவியோடு வெந்நீரில் போட்டு, ஓர் இரவு ஊறவிட்டு விதையுங்கள். புன்னங்கொட்டையை ஓட்டோடு புதைத்தால் முளைக்க இரண்டு மாதம்கூட ஆகும். உள்ளே பருப்பு நசுங்காமல் ஓட்டை எடுத்துவிட்டால் மூன்று வாரத்தில் முளைவிடும்.

* குழி: இரண்டு அடி நீளம், அகலம், ஆழம். மேல் மண்ணோடு மக்கிய சாணத்தைக் கலந்து போடுங்கள்.

* காலம்: புரட்டாசி, ஐப்பசியில் மழை தொடங்கும்போது நட்டால் நம் ஊரில் நன்றாக வேர் பிடிக்கும்.

* கவனிப்பு: ஆடு கடிக்காமல் முள் வேலி, சாயாமல் ஒரு குச்சி, முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர். இளம் குல்மொகரின் தாழ்ந்த கிளைகளைப் பெரியவர்களைக் கொண்டு வெட்டிவிடுங்கள்.

* எச்சரிக்கை: புன்னங்கொட்டையில் எடுத்த எண்ணெயில் அந்தக் காலத்தில் விளக்கு எரித்தார்கள். ஆனால் கொட்டையையும் எண்ணெயையும் சாப்பிடக் கூடாது. மரத்தின் பால் கண்ணில் படவும் கூடாது.

புயலுக்குப் பிறகு பாட்டியின் அடுப்படியை நாங்கள் புதிதாகக் கட்டிக் கொடுத்தோம். இப்போது பாட்டி சாயங்காலத்தில் எங்கள் கொல்லைக்கு வந்து புன்னை நிழலில்தான் உட்காருகிறார். "இது விழாதுல்ல டீச்சர்?" என்று ஒருநாள் கேட்டார். "எந்த மரத்துக்கும் நான் உறுதி சொல்ல மாட்டேன் ஆத்தா. ஆனா, இந்தத் தடவை இடம் பார்த்து வச்சிருக்கேன்" என்றேன்.

நீங்களும் மரக்கன்று வாங்கப் போகும் முன் ஒரு டேப்பை எடுத்து உங்கள் வீட்டு இடத்தை அளந்து பாருங்கள். கன்று இன்று ஒரு சாண்தான். இருபது வருடம் கழித்து அது எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நினைத்துப் பார்த்துவிட்டு, பிறகு குழி தோண்டுங்கள். சரிதானா?