வாங்கிய அன்றே வேகட்டும் மக்காச்சோளம்



சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் வழியில், மழைக்காலம் தொடங்கிவிட்டால் கரியடுப்பில் வாட்டும் மக்காச்சோளத்தின் மணம் பேருந்துக்குள்ளும் வந்து சேரும். தெலுங்கில் அதற்கு மொக்கஜொன்ன என்று பெயர். பிழைப்புக்காகத் திருப்பதியில் குடியேறிய நம்மவர்களின் பிள்ளைகள் தமிழ்ப் பெயருக்கு முன்பே அந்தப் பெயரைக் கற்றுக்கொள்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஞாயிறு மாலையில், அங்கே ஒற்றை அறையில் வாடகைக்கு வசிக்கும் ஒரு குடும்பத்தில் ஜெபிக்கச் சென்றிருந்தேன். தகப்பனார் விடுதியொன்றில் இரவுப்பணி செய்பவர். தாயார் வீட்டு வேலைக்குச் செல்பவர். வாரத்தில் அந்த ஒரு மாலைதான் நால்வரும் சேர்ந்து அமர்ந்து உண்ணும் வேளை. பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று அச்சகோதரி வெள்ளிக்கிழமையே ஆறு கதிர்களை வாங்கித் தோலுரித்துக் கூடையில் வைத்திருந்தார். நெடுநேரம் வேகவைத்தும் மணிகள் மெல்ல முடியாதபடி இருந்தன, பிள்ளைகள் ஒதுக்கிவிட்டார்கள். "ஐயா, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்" என்று அவர் கண்கலங்கினார்.

கடைக்காரர்மேல் பிழை இல்லை. ஒடித்த பின்பும் கதிருக்குள் உயிரோட்டம் நிற்பதில்லை. மணியிலுள்ள சர்க்கரை மாவாக மாறிக்கொண்டே இருக்கும். நம் பகுதியின் வெயிலில் இனிப்புச் சோளம்கூட ஒரே நாளில் ஏறக்குறையப் பாதி இனிப்பை இழந்துவிடும். தோலையும் உரித்துவிட்டால் ஈரமும் போய்விடும். ஆகையால் வாங்கிய அன்றே சமையுங்கள். இயலாவிட்டால் தோலோடு ஈரத்துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள்.

வாங்கும்போது மேல்தோல் பசுமையாகவும், நுனிக் குஞ்சம் பழுப்பாகவும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மணியை நகத்தால் அழுத்தினால் பால் கசிய வேண்டும். நீர்போல் கசிந்தால் பிஞ்சு. ஒன்றும் கசியாவிட்டால் முற்றல். இனிப்புச் சோளத்தைக் கொதிக்கும் நீரிலிட்டால் ஐந்து முதல் எட்டு நிமிடம் போதும். நாட்டுச் சோளத்துக்குக் குக்கரில் நான்கைந்து விசில் வேண்டும். உள்தோல் இரண்டை விட்டுவைத்து வேகவைத்தால் மணம் நிலைக்கும். சுடுவதானால் சப்பாத்தி வாட்டும் கம்பி வலையைச் சிறுதீயில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருங்கள். மணிகள் வெடித்துத் தெறிக்கும். பிள்ளைகள் சற்று விலகி நிற்கட்டும். பின்பு எலுமிச்சை மூடியை உப்பிலும் மிளகாய்த்தூளிலும் தோய்த்துத் தேய்க்கலாம்.

முதற்பலன் காணிக்கையாகப் புதுக்கதிரை அனலில் வாட்டிக் கொண்டுவரும் முறையை லேவியராகமம் 2-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அது மக்காச்சோளம் அன்று. 1611-ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமத்தில் 'கார்ன்' என்பது எல்லாத் தானியத்துக்கும் பொதுச்சொல். மக்காச்சோளமோ, 1492-இல் கொலம்பஸ் சென்ற பிறகே அமெரிக்காவிலிருந்து மற்ற நாடுகளுக்குப் பரவியது. ஆங்கிலப் பிரசங்கத்தை மொழிபெயர்க்கும் சகோதரர்கள் இதில் தடுமாறுவதை நான் கேட்டிருக்கிறேன்.

நீரிழிவு உள்ளவர்கள் சோற்றோடு கூடுதலாக இதை உண்ணாமல், சோற்றின் அளவைக் குறைத்துக்கொள்வது நல்லது. பல் இல்லாத பெரியவர்களுக்கு மணிகளைச் சீவி அரைத்து அடை வார்த்துக் கொடுக்கலாம்.

அச்சகோதரி இப்போது ஞாயிறு ஆராதனை முடிந்து வீடு திரும்பும் வழியில்தான் கதிர் வாங்குகிறார். தோலுரிப்பது பிள்ளைகளின் வேலை.