மதம் மாறிய மனிதர்கள் – 12: குருத்வாராவிலிருந்து சால்ட் லேக் சிட்டிக்கு

சாது சுந்தர் சிங்கின் பெயரைக் கேட்டிராத தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம் அரிது. லூதியானா பக்கம் ராம்பூரில் 1889-ல் சீக்கிய வீட்டில் பிறந்தவர். 1905-ல் சிம்லாவில் ஞானஸ்நானம் பெற்று, அடுத்த மாதமே காவி உடுத்திக் கால்நடையாகக் கிளம்பிவிட்டார். மதம் மாறிய பிறகும் தலைப்பாகையும் தாடியும் அவரோடு இருந்தன. சீக்கியர் ஒருவர் கிறிஸ்தவரானார் என்றதும் நம் மனதில் வருகிற உருவம் அவருடையதுதான். இந்த வாரக் கதையில் காவி கிடையாது. வெள்ளைச் சட்டையும் டையும்தான்.

குர்சரண் சிங் கில் பஞ்சாபில் பிறந்த சீக்கியர். அமெரிக்கா போன இடத்தில், 1950களில், கலிஃபோர்னியாவில் மார்மன் சபையில் சேர்ந்தார். பிறகு சபையின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர் ஆனார். அன்றைய கலிஃபோர்னியா பஞ்சாபிகளுக்குப் புதிய ஊர் அல்ல. ஸ்டாக்டனில் 1912-லேயே குருத்வாரா எழுந்துவிட்டது. 1956-ல் அதே மாநிலத்திலிருந்து தலிப் சிங் சவுந்த் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே தேர்வானார். அவரும் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர்தான். ஆக, கில் தன் ஆட்கள் யாரும் இல்லாத ஊரில் தனிமை பொறுக்காமல் மதம் மாறினார் என்று சுலபமாகக் காரணம் சொல்லிவிட முடியாது.

சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. மார்மன் என்று கூப்பிட வேண்டாம் என்று 2018 முதல் அவர்களே கேட்டுக்கொள்கிறார்கள்; முழுப்பெயரை வரிக்கு வரி எழுத இந்தப் பக்கத்தில் இடம் போதாது. 1830-ல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய சபை இது. இந்தியாவுக்கு வந்ததும் நேற்றல்ல. 1853-ல் சபையின் தலைமையிடமான சால்ட் லேக் சிட்டியிலிருந்து பதின்மூன்று பேர் கல்கத்தாவில் இறங்கினார்கள். அவர்களில் ரிச்சர்டு பாலன்டைன் சென்னைக்கு வந்து, மறு ஆண்டு இங்கிருந்து பத்திரிகைகூட நடத்தினார். அதே 1853-ல்தான் பஞ்சாப் ஆட்சியை இழந்த சிறுவன் மகாராஜா துலீப் சிங் கிறிஸ்தவர் ஆக்கப்பட்டார். அவர் 1886-ல் ஏடனில் சீக்கியத் தீட்சையான அமிர்தம் பருகிச் சீக்கியத்துக்கே திரும்பிவிட்டார். மார்மன் ஊழியர்களோ சில வருடங்களிலேயே மூட்டை கட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

இரண்டு மதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முதலில் வியப்புதான் வரும். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைச் சீக்கியர் தஸ்வந்த் என்று ஒதுக்குகிறார். மார்மன் தசமபாகம் கொடுக்கிறார். புகையிலை இரண்டு பக்கமும் விலக்கு. அமிர்தம் பருகிய சீக்கியர் தரிக்கும் ஐந்து சின்னங்களில் ஒன்று கச்சேரா என்கிற அரைக்கால் உள்ளாடை. மார்மன்களிலும் ஆலயச் சடங்கு முடித்த பெரியவர்கள் சட்டைக்குள் புனித உள்ளாடை அணிகிறார்கள். வெளியார் இதைக் கேட்டுச் சிரிப்பது வழக்கம். கச்சேரா பார்த்து வளர்ந்த ஒருவர் சிரிக்கமாட்டார். அவ்வளவு தூரம் தாண்ட வேண்டியதில்லை என்றே தோன்றும். எனக்கென்னவோ அந்த நெருக்கத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது என்று படுகிறது.

தேநீரை எடுத்துக்கொள்வோம். 1833-ல் ஜோசப் ஸ்மித் தந்த உணவுநெறிப்படி மதுவும் புகையிலையும் மட்டுமல்ல, தேநீரும் காபியும் ஆகாது. பஞ்சாபி வீட்டில் வந்தவருக்குச் சாய் கொடுக்காமல் அனுப்புவது அவமரியாதை. குருத்வாராவின் பொது உணவுக்கூடமான லங்கரிலும் சாய் உண்டு. மகன் வேறு கோயிலுக்குப் போகிறான் என்பதைப் பொறுத்துக்கொள்கிற அம்மாவுக்குக்கூட, அவள் நீட்டுகிற தம்ளரை அவன் வாங்க மறுப்பது உறைக்கும்.

அடுத்தது முடி. 1745-ல் லாகூரில் பாய் தாரு சிங், முடியை இழக்கச் சம்மதிக்காமல் மண்டைத்தோலையே கொடுத்தார் என்பது சீக்கியக் குழந்தைகள் கேட்டு வளர்கிற கதை. மார்மன் ஆவதற்கு முடியை வெட்டியாக வேண்டும் என்று விதி இல்லை. ஆனால் ஊழியத்துக்குப் போகும் இளைஞர்கள் முகத்தை மழித்திருக்க வேண்டும். பிரிகாம் யங் பல்கலைக்கழகத்திலும் மாணவர் தாடி வைக்கக் கூடாது. அதற்குப் பெயர் தந்த பிரிகாம் யங்குக்கே நீண்ட தாடி இருந்தது என்பது வேறு விஷயம்! மதக் காரணம் காட்டி அங்கே விலக்குக் கேட்கலாம். வேற்று மதத்திலிருந்து படிக்க வந்த சீக்கிய மாணவருக்கு அது உதவும். மதம் மாறி வந்தவருக்கோ காட்டுவதற்கு அந்தக் காரணமே இல்லை.

கோட்பாட்டளவில் பெரிய பிளவு குரு பற்றியது. 1708-ல் குரு கோபிந்த் சிங்கோடு மனித குருக்களின் வரிசை முடிந்தது. அன்று முதல் வேதநூலான குரு கிரந்த் சாகிப்தான் குரு. மார்மன் நம்பிக்கை நேரெதிர்: வானம் இன்னும் பேசுகிறது, சபையின் தலைவர் வாழும் தீர்க்கதரிசி. யார் சீக்கியர் என்பதற்குச் சீக்கிய நடத்தை விதித்தொகுப்பான ரெஹத் மரியாதா தரும் வரையறையும், வேறு மதத்துக்குக் கட்டுப்படாதவர் என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறது. ‘இரண்டிலும் ஒரு கால்’ என்பதற்கு வழியில்லை. என்றாலும் குடும்பங்கள் உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில் அல்ல. சாப்பாட்டு மேசையில் யாரும் இறையியல் பேசிச் சண்டை போடுவதில்லை.

கல்யாணத்தில்தான் சண்டை வெடிக்கும். அமிர்தசரஸ் பொற்கோயிலான ஹர்மந்திர் சாகிபுக்கு நான்கு வாசல்கள். யாரும் நுழையலாம், தலையை மூடி, செருப்பைக் கழற்றினால் போதும். மார்மன் ஆலயத்தில், அது திறந்து வைக்கப்பட்ட பிறகு, தகுதிச் சான்று பெற்ற உறுப்பினர் தவிர வேறு யாரும் காலடி வைக்க முடியாது. நித்தியத்துக்குமான திருமணம் நடப்பது அந்த ஆலயத்தினுள். பெற்ற தாயானாலும் வெளியேதான் நிற்க வேண்டும். சரி, குருத்வாராவிலேயே சீக்கியத் திருமணமான ஆனந்த் காரஜ் செய்துவிடலாமா என்றால், வேற்று மதத்தவருக்கு அந்தச் சடங்கு கிடையாது என்கிறது ரெஹத் மரியாதா. அமெரிக்காவில் முதலில் பதிவுத் திருமணம் செய்துகொண்டால் ஆலயத் திருமணத்துக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்ற விதியும் இருந்தது. 2019 மே மாதம் சபை அதை நீக்கியது. இப்போது பெற்றோர் கண்முன் ஒரு திருமணம், பிறகு ஆலயத்தில் ஒன்று என்று உடனுக்குடன் நடத்தலாம். நல்ல மாற்றம், எப்போதோ செய்திருக்கலாம்.

கில்லின் கதைக்கு வருவோம். 1993 ஜனவரியில் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு சபை இந்தியாவுக்கென்று தனி ஊழிய மண்டலம் அமைத்தபோது, அதன் முதல் தலைவராக வந்தவர் அவர்தான். வெள்ளைக்கார ஊழியரை எதிர்பார்த்தவர்கள் முன்னால், சிங் என்ற பெயரோடு ஒரு பஞ்சாபி வந்து நின்றார். அந்தப் பெயரை அவர் விடவில்லை. பெங்களூரில் ஆலயம் கட்டப்போவதாக 2018-ல் அறிவிப்பு வந்தது. 2020 டிசம்பரில் பூமி பூஜை மாதிரியான சடங்கும் நடந்தது.

ஆலயம் வந்தால் கூடவே வருவது இறந்தவர்களுக்கான ஞானஸ்நானம். உயிரோடிருக்கும் சந்ததியார் தண்ணீரில் மூழ்கி எழுந்து, செத்துப்போன முன்னோருக்காக அதைப் பெறுவது 1840 முதல் இருக்கிற வழக்கம். ஏற்பதும் மறுப்பதும் அந்த ஆன்மாவின் விருப்பம் என்கிறது சபை. தர்க்கப்படி இதில் கட்டாயம் இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொரு அர்தாஸ் வழிபாட்டிலும், தலையைக் கொடுத்தும் மதத்தைக் கொடுக்காதவர்களை நினைவுகூரும் சமூகம் சீக்கியருடையது. குரு தேக் பகதூர் 1675-ல் தில்லியில் வெட்டுண்டார். அவருடைய தோழர் மதி தாஸ் ரம்பத்தால் அறுக்கப்பட்டார். அந்தப் பரம்பரையில் வந்தவரின் பெயரை ஞானஸ்நானப் பட்டியலில் எழுதுவதை வீட்டில் எப்படி எடுத்துக்கொள்வார்கள்?

யூத இன அழிப்பில் மடிந்தவர்களின் பெயர்கள் பட்டியலில் ஏறியதால் எழுந்த கொந்தளிப்புக்குப் பிறகு, 1995-ல் யூத அமைப்புகளோடு சபை உடன்பாடு செய்துகொண்டது. சொந்த முன்னோரின் பெயரை மட்டுமே கொடுக்க வேண்டும் என்பது இன்றைய விதி. கடந்த 110 ஆண்டுகளுக்குள் பிறந்தவர் என்றால் அவருடைய மிக நெருங்கிய உறவினரின் சம்மதமும் வேண்டும். அதாவது, மார்மனாகிவிட்ட பேரன் 1930-ல் பிறந்த தன் தாத்தாவுக்காகத் தண்ணீரில் இறங்க விரும்பினால், பாட்டியும் இல்லாத நிலையில், முதலில் தன் சீக்கிய அப்பாவிடமோ பெரியப்பாவிடமோ போய் அனுமதி கேட்க வேண்டும்.

(தொடரும்)