டேட்டாவைப் பகிர்ந்தால் மட்டும் கூட்டாளி ஆகிட முடியுமா?

இன்னைக்கு எபிசோடை ஒரு டயப்பர் கணக்கிலிருந்து ஆரம்பிக்கலாம்.

ஒரு ஊரில் கைக்குழந்தைகளின் எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் பெருசா மாறாது. ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்கு எத்தனை டயப்பர் வேணுங்கிறதும் திடீர்னு இரட்டிப்பாகாது. அப்போ டயப்பர் தயாரிக்கிற கம்பெனிக்கு வர்ற ஆர்டரும் ஏறக்குறைய சீராத்தானே இருக்கணும்? புராக்டர் அண்ட் கேம்பிள், சுருக்கமா பி அண்ட் ஜி, தன்னோட பேம்பர்ஸ் ஆர்டர்களை எடுத்து அலசியபோது நிலைமை வேற மாதிரி இருந்தது. கடைகளில் விற்பனை லேசாத்தான் ஏறி இறங்கியது. டிஸ்ட்ரிபியூட்டர்கள் போட்ட ஆர்டர் அதைவிட அதிகமா ஆடியது. மூலப்பொருளுக்காக பி அண்ட் ஜி தன் சப்ளையர்களிடம் போட்ட ஆர்டர் இன்னும் மோசமா ஆடியது.

ஏன்னு புரிஞ்சுக்க ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஒரு கடையில் வாரம் 100 பாக்கெட் விற்கும். ஒரு வாரம் 110 விற்குது. 'டிமாண்ட் ஏறுது போல'ன்னு கடைக்காரர் 120 ஆர்டர் போடுறார். டிஸ்ட்ரிபியூட்டருக்கு அந்த 110 தெரியாது, 120 மட்டும்தான் தெரியும். அவர் ஒரு பாதுகாப்புக்கு 140 கேட்கிறார். ஃபேக்டரி 170-க்குத் திட்டம் போடுது. அடுத்த வாரம் விற்பனை மறுபடியும் 100. இப்போ எல்லாரிடமும் சரக்கு தேங்கி நிற்குது, புது ஆர்டரே வரலை. இதில் யாரும் முட்டாள்தனமா எதுவும் செய்யலை. ஒவ்வொருத்தரும் தன் கண்ணுக்குத் தெரிஞ்சதை வைத்துச் சரியாத்தான் முடிவெடுத்தாங்க.

சாட்டையின் பிடியை லேசா அசைச்சாலே நுனி எப்படிச் சீறும்? அதனால்தான் பி அண்ட் ஜி-யில் இதை 'புல்விப்', அதாவது சாட்டை விளைவுன்னு சொன்னாங்க. 1997-ல் ஹாவ் லீ, பத்மநாபன், சுங்ஜின் வாங் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் இதை விரிவாக எழுதிய பிறகு, சப்ளை செயின் படிக்கிறவங்களுக்கு இது முதல் பாடங்களில் ஒன்றாகிவிட்டது.

ஒரு சாஃப்ட்வேர் ஆளுக்கு இதைக் கேட்டதும் தோன்றும் தீர்வு ரொம்ப சிம்பிள்: கடையின் பில்லிங் டேட்டாவை ஃபேக்டரிக்கு நேரடியாகக் காட்டிடலாமே! வால்மார்ட் செய்தது அதைத்தான். 1991-ல் அவங்க 'ரீடெய்ல் லிங்க்'னு ஒரு சிஸ்டம் கொண்டு வந்தாங்க. எந்தப் பொருள் எந்தக் கடையில் எவ்வளவு விற்றது, எவ்வளவு ஸ்டாக் இருக்குன்னு சப்ளையரே பார்த்துக்கலாம். பி அண்ட் ஜி விஷயத்தில் இன்னும் ஒரு படி மேலே போனாங்க. டயப்பர் தீரப்போகுதுன்னு வால்மார்ட் ஆர்டர் போட வேண்டியதில்லை. எப்போ, எவ்வளவு அனுப்பணும்னு பி அண்ட் ஜி-யே கணக்குப் போட்டு அனுப்பும். இதுக்குப் பேர் வெண்டார் மேனேஜ்டு இன்வென்டரி.

ஆனா இந்தக் கதையின் முதல் அத்தியாயத்தில் கம்ப்யூட்டரே கிடையாது. 1987-ல் வால்மார்ட்டை நிறுவிய சாம் வால்டனும் பி அண்ட் ஜி-யின் விற்பனைத் துணைத் தலைவர் லூ பிரிட்செட்டும் படகில் ஒரு ஆற்றுப் பயணம் போனாங்க. அதுவரை இரண்டு கம்பெனிகளும் விலைக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. அந்தப் பயணத்துக்குப் பிறகு இரண்டு பக்கத்து ஆட்களும் உட்கார்ந்து பேச ஆரம்பிச்சாங்க. பி அண்ட் ஜி ஒரு குழுவையே அர்கன்சாஸில், வால்மார்ட் தலைமையகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தது. ரீடெய்ல் லிங்க் வந்தது அதுக்கப்புறம்தான்.

சரி, நல்ல சிஸ்டம் இருந்தா போதும்னு நினைக்கிறவங்களுக்கு சிஸ்கோ ஒரு பாடம். சப்ளையர்களோடு எலக்ட்ரானிக் முறையில் இணைவதில் 1990களின் இறுதியில் அவங்கதான் முன்னோடின்னு எல்லாரும் புகழ்ந்தாங்க. ஆனா 2001-ல் சுமார் 220 கோடி டாலர் மதிப்புள்ள சரக்கை நஷ்டக் கணக்கில் எழுத வேண்டி வந்தது. பொருளாதாரச் சரிவு ஒரு காரணம். இன்னொரு காரணம், பொருள் கிடைக்கத் தாமதமானதால் வாடிக்கையாளர்கள் ஒரே தேவைக்கு ரெண்டு மூணு இடத்தில் ஆர்டர் போட்டு வைத்தார்கள். எங்கே முதலில் கிடைக்குதோ அங்கே வாங்கிட்டு, மத்ததை ரத்து செய்யலாம்ங்கிற எண்ணம். ஆர்டரைத்தான் சிஸ்டத்தால் பார்க்க முடிந்தது. அதுக்குப் பின்னால் உண்மையான தேவை எவ்வளவுங்கிறது தெரியலை. தப்பான எண் வேகமாகப் பயணித்தால் தப்பும் வேகமாகத்தான் பரவும்.

அடுத்தது இதைவிட முக்கியமான கேள்வி: அந்த சிஸ்டம் யாருடையது?

கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து குளிரூட்டிய சரக்கு ஒன்று ஐரோப்பா போய்ச் சேர, ஏறக்குறைய 30 ஆட்களும் அமைப்புகளும் கை வைக்கிறாங்க, 200-க்கும் மேற்பட்ட தகவல் பரிமாற்றங்கள் நடக்குதுன்னு மெர்ஸ்க் கப்பல் கம்பெனி கண்டுபிடித்தது. இந்தக் காகிதக் குவியலை ஒழிக்க, 2018-ல் மெர்ஸ்க்கும் ஐபிஎம்மும் சேர்ந்து பிளாக்செயினில் 'டிரேட்லென்ஸ்' தளத்தை அறிமுகப்படுத்தினாங்க. ஆனா தன் போட்டியாளர் நடத்துற தளத்தில் தன் சரக்கு விவரத்தைப் போட எந்தக் கப்பல் கம்பெனிக்கு மனசு வரும்? ஆரம்பத்தில் தயங்கினாங்க. 2019-ல் எம்எஸ்சி, சிஎம்ஏ சிஜிஎம் மாதிரி பெரிய கம்பெனிகள் சேர்ந்தும், தளம் எதிர்பார்த்த அளவுக்கு வளரலை. உலக அளவிலான முழு ஒத்துழைப்பு கிடைக்கலைன்னு சொல்லி, 2022 நவம்பரில் மூடப்போறதா அறிவிச்சாங்க.

பிளாக்செயின் கோட் சரியா ஓடுதாங்கிறது ஒரு பிரச்சினை. பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவரை நம்பலாமாங்கிறது வேற பிரச்சினை. ரெண்டாவதுக்கு எந்த ஏபிஐ-யும் பதில் சொல்லாது.

இதில் அதிகம் அடிபடுறது சின்ன சப்ளையர்தான். பெரிய கம்பெனியோட போர்ட்டலில் அவர் தன் ஸ்டாக்கையும் உற்பத்தி அளவையும் ஏற்றுவார். 'கிடங்கில் இவ்வளவு தேங்கியிருக்கே, விலையைக் குறைக்கலாமே'ன்னு அடுத்த பேச்சுவார்த்தையில் அதே எண் அவர் மேலயே திரும்பலாம். பெரிய கம்பெனியின் விற்பனைக் கணிப்பு மட்டும் அவர் கண்ணில் படாது. ஒருத்தர் வீட்டுக்கு மட்டும் கண்ணாடிச் சுவர் கட்டிட்டு, அதுக்கு 'வெளிப்படைத்தன்மை'ன்னு பேர் வைக்கிறோம்.

நம்ம நிகழ்ச்சியைக் கேட்கிறவங்களில் நிறைய பேர் இந்த மாதிரி போர்ட்டலையும் இன்டகிரேஷனையும் எழுதுறவங்கதான். அடுத்த முறை ஒரு ரிக்வயர்மென்ட் மீட்டிங்கில் மூணு கேள்வி கேட்டுப் பாருங்க. இங்கே ஓடப்போறது ஆர்டர் டேட்டாவா, உண்மையான விற்பனை டேட்டாவா? டேட்டா தர்றவருக்குத் திரும்ப என்ன கிடைக்குது? அந்த டேட்டாவை அவருக்கு எதிராகப் பயன்படுத்த மாட்டோம்னு ஒப்பந்தத்தில் எங்கேயாவது எழுதியிருக்கா? மூணாவது கேள்விக்கு அந்த அறையில் யாரும் வாயைத் திறக்கலைன்னா, உங்க ஸ்பிரின்ட் முடியலாம், அந்தக் கூட்டணி இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.